டெஸ்டர் அண்ணனின் உள்ளங்கால்

டெஸ்டர் அண்ணனைப் போல ஒரு தொந்தரவு மதுரையைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்கு இன்னொன்று கிடையாது என்று எந்தப் பத்திரத்தில் வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட நான் தயார். மின்வெட்டு வந்தால்கூட இரண்டு மணி நேரத்தில் போய்விடும். இவர் காலை எட்டரைக்கு வருவார், மாலை ஐந்தரை வரை இருப்பார். நடுவில் அவர் செய்யாத ஒரே வேலை அவருக்குச் சம்பளம் கொடுக்கப்படுகிற வேலை.

மறக்க முடியாத மனிதர் ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்று இந்தப் பத்திரிகையில் கேட்டார்கள். மறக்க விட்டால்தானே! நான் கப்பலூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறேன். அவர் அங்கே எலெக்ட்ரீஷியன். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை யாரும் படித்ததில்லை. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் குத்தியிருக்கும். கரண்டு வருகிறதா என்று பார்க்க, பிடிக்குள் குட்டி பல்பு வைத்த ஸ்க்ரூ டிரைவர். ஊரில் இருக்கிற எலெக்ட்ரீஷியன்கள் அதை சுவிட்ச் போர்டில் வைத்துப் பார்ப்பார்கள். இவர் மனிதர்கள் மேல் வைத்துப் பார்ப்பார், உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்துக் கூசுகிறதா என்று கேட்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. உயரமாக ஓர் ஆள் உள்ளே வந்து, யார் என்றும் சொல்லாமல், கால்மேல் கால் போடச் சொன்னார். கம்பெனி விதிமுறை ஏதோ என்று நினைத்துப் போட்டேன். கையிலிருந்த ஸ்பேனரால் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு தட்டினார். என் கால் தானாக எகிறி எதிரே இருந்த டீ கிளாஸை உதைத்தது. புதுச் சட்டை முழுக்க டீ.

"பாத்தியா மாப்ள, மண்டைக்கே தெரியாமக் கால் ஒதைச்சிருச்சு. சேதி முதுகுத் தண்டு வரைக்கும் போய் அங்கனயே ஆர்டர் வாங்கிட்டுத் திரும்பிருச்சு. லோக்கல் சர்க்யூட்டு" என்றார்.

நான் அவருக்கு எந்த வகையிலும் மாப்பிள்ளை கிடையாது. அவர் எல்லோரையும் மாப்ள என்பார், நாங்கள் எல்லோரும் அவரை அண்ணே என்போம். உறவுமுறைக் கணக்கு எந்தப் பக்கமும் உதைக்கும். ஒருமுறை முதலாளியையே மாப்ள என்றுவிட்டு, அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார்.

இந்த வியாதி அவருக்கு எப்படி வந்தது என்று விசாரித்தேன். திருமங்கலத்தில் ஒரு நர்சிங் டியூஷன் சென்டரை மூடினார்களாம். பழைய ஒயரிங்கைக் கழற்ற இவர் போயிருக்கிறார். அங்கே சுவரில் தோலுரித்த மனிதன் ஒருவனின் படம், தலை முதல் கால்வரை மஞ்சள் மஞ்சளாக நரம்புக் கோடுகள். நம்மாள் அதைப் பார்த்து அரை மணி நேரம் ஏணியிலேயே நின்றுவிட்டாராம். கூலியோடு அந்தப் படத்தையும் கேட்டு வாங்கி வந்துவிட்டார். கணுக்காலுக்குக் கீழே எலி தின்றிருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

அதைக் கொண்டுவந்து எலெக்ட்ரிக் ரூமில், பெரிய பேனலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். பேனல் மேல் ஏற்கனவே மண்டையோடு போட்ட அபாயப் பலகை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, பேனலைத் தொட்டவன் கதி இதுதான் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அந்தப் படத்தால் கம்பெனிக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

மற்றவர்களுக்குக் கிடைத்தது பாடம். டீ நேரம் பத்தரை மணிக்கு. யாராவது கழுத்தைத் தடவினாலோ, கையை உதறினாலோ, கொட்டாவி விட்டாலோ போதும், இழுத்துக்கொண்டு போய்ப் படத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார். டெஸ்டர்தான் சுட்டும் குச்சி. மண்டைக்குள் இருப்பது மெயின் போர்டு. அதிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்குவது மெயின் கேபிள். "எலும்புப் பைப்புக்குள்ள ஒயர விட்டிருக்கான் பாரு, எம்புட்டு வெவரமான ஆளு" என்று கடவுளுக்கு ஒரு சர்டிபிகேட் கொடுப்பார். இந்த இரண்டும்தான் தலைமைச் செயலகம், மற்றதெல்லாம் கிளை. போர்டிலிருந்து நேராகக் கண்ணுக்கும் காதுக்கும் நாக்குக்கும் முகத்துக்கும் போகிற லைன் பன்னிரண்டு ஜோடி. கேபிளிலிருந்து பிரிந்து கைக்கும் காலுக்கும் போகிற லைன் முப்பத்தொரு ஜோடி. சேதி கொண்டுபோகிற ஒயர் தனி, உத்தரவு கொண்டுவருகிற ஒயர் தனி. ஒயருக்கு மேலே கொழுப்பில் ஒரு உறை, அது இன்சுலேஷன். போர்டின் இடது பக்கம் கெட்டால் உடம்பின் வலது பக்கம் அணையும். இதயமும் குடலும் சுவிட்சே இல்லாத தனி லைன், நாம் தூங்கினாலும் அது ஓடும்.

இதில் ஏதாவது ஒன்று தப்பாக இருந்துவிடாதா என்று ஆசையாக, ஒரு ராத்திரி என் மகளின் பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தைப் புரட்டினேன். முப்பத்தொரு ஜோடி என்றுதான் போட்டிருந்தது. பன்னிரண்டும் சரி. கொழுப்பு உறையும் சரி. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பஷீர் பாய் கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு இவருடைய அநியாயம் முழுதாகப் புரியாது. பாய் எங்கள் மோல்டிங் மெஷின் ஆபரேட்டர், அதிர்ந்து பேசாத மனிதர். ஒருநாள் புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை சுள்ளென்று இழுக்கிறது என்று நொண்டிக்கொண்டு வந்தார். நாங்கள் நாலு பேர் கெண்டைக்காலில் தைலம் தேய்க்க உட்கார்ந்தோம். டெஸ்டர் அண்ணன் எங்களைத் தள்ளிவிட்டு, பல்பு எரியவில்லை என்றால் பல்பைத் தேய்ப்பீர்களா, லைனைப் பார்ப்பீர்களா என்று அதட்டினார். ஃபால்ட் இடுப்பில் இருக்கிறது, காலில் தேய்த்துப் பிரயோஜனமில்லை என்று சொல்லி, பிளாஸ்டிக் குருணை மூட்டைகளை அடுக்கி அதன்மேல் பாயைக் குப்புறப் படுக்கவைத்தார்.

ஒரு மணி நேரம் மெஷின் நின்றது. உள்ளே உருகியிருந்த பிளாஸ்டிக் கருகி நாற்றம் அடித்தது. முதலாளி ஓடி வந்தார். பாய் படுத்த வாக்கிலேயே, எழுந்துகொள்ளட்டுமா என்று பணிவாகக் கேட்டார்.

"அசையக் கூடாது மாப்ள, லைன் செக்கிங்ல இருக்கு" என்றார் இவர்.

முதலாளி சத்தம் போடப் போகிறார் என்று நான் சந்தோஷமாகக் காத்திருந்தேன். முதலாளிக்கு அப்போது கழுத்துவலி. பத்தாவது நிமிடம் அவரும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பாய் ஆஸ்பத்திரிக்குப் போனார். இடுப்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் சொன்னார். அதன்பின் ஒரு மாதம் இவரோடு ஒரே கூரையின் கீழ் நாங்கள் எப்படி இருந்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்குக்கூட பாயின் இடுப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

அந்த மாதம் முழுக்க என் ஸ்டோர் ரூமில் ஃபேன் ஓடவில்லை. அதற்கு முந்தின ஏழு மாதமும் ஓடவில்லை. தகரக் கூரை, சித்திரை வெயில். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "ஃபேனு வேற வாங்கிக்கலாம் மாப்ள, நரம்பு வாங்க முடியுமா?" என்பார். நான் பதிலுக்கு அவருடைய ரப்பர் கையுறையை இரண்டு வாரம் தாமதமாகக் கொடுத்தேன். அவருக்கு அதுவும் உறைக்கவில்லை.

உறைக்கவில்லை என்பதுதான் விஷயமே. அப்போது எனக்குத் தெரியவில்லை.

பழைய எலெக்ட்ரீஷியன்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கருவியைத் தேடச் சோம்பல்பட்டு, மெஷின் மேல் கரண்டு கசிகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்கள். உள்ளங்கையை வைத்தால் ஷாக் அடிக்கும்போது விரல்கள் மூடிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும் என்பது அவர்கள் கணக்கு. இவரும் அப்படித்தான். ஆனால் கொஞ்ச காலமாக, லேசான கசிவெல்லாம் தன்னை ஒன்றும் செய்வதில்லை என்று பீற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தார். கொதிக்கிற டீயை எவர்சில்வர் டம்ளரோடு பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசுவார். மத்தியான வெயிலில் சிமெண்ட் தரையில் செருப்பில்லாமல் நடந்து காட்டுவார். "ஒடம்பு பழகிருச்சு மாப்ள. இன்சுலேசன் ஏறிருச்சு" என்பார். புதுப் பையன்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அதே சமயம் ஆள் இளைத்துக்கொண்டே போனார், பேன்ட்டைக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார். மணிக்கு ஒருமுறை ஒன்றுக்குப் போனார். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று நான் பாயிடம் சொல்லிச் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்டோருக்குள் புயலாக வந்தார். பேனல் மூடிக்கு நாலு ஸ்க்ரூ கேட்டதற்கு மூன்றுதான் கொடுத்திருக்கிறேனாம். நான் எண்ணித்தான் கொடுத்தேன் என்றேன். எண்ணத் தெரியாதவனையெல்லாம் ஸ்டோரில் உட்காரவைத்தால் கம்பெனி எப்படி உருப்படும் என்றார். ஃபேன் மாட்டத் தெரியாதவனை வைத்து உருப்படுகிற மாதிரிதான் என்றேன். எட்டு மாதக் கோபம் எனக்கு. மேஜையைச் சுற்றி வந்து என் ஸ்க்ரூ டப்பாவைத் தானே குடைய ஆரம்பித்தார்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து மேஜை வரைக்கும், ஒன்றுவிட்டு ஒரு அடிக்கு ஒரு சிவப்புப் பொட்டு.

உட்காரவைத்து வலது காலைத் தூக்கினேன். நான் எண்ணிக் கொடுத்த நாலாவது ஸ்க்ரூ ரப்பர் செருப்பைத் துளைத்து, பெருவிரலுக்குக் கீழே முழுதாக ஏறியிருந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார். அதன்மேல் நின்றுதான் என்னிடம் அவ்வளவு நேரம் சண்டை போட்டிருக்கிறார்.

அவர் குனிந்து பார்த்தார். "அட, இங்கன இருக்கு" என்றார். பிடுங்கித் துடைத்து, பேனலில் மாட்டப் புறப்பட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். வலித்தால்தானே ஆஸ்பத்திரி என்றார். பாய் வந்து சொன்னார், முதலாளி வண்டி தருகிறேன் என்றார், எதற்கும் மசியவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினால் சரியாகிவிடுமாம். முப்பத்தொரு ஜோடி நரம்பையும் மனப்பாடமாக ஒப்பிக்கிற மனிதர், மஞ்சள் என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, உண்மையைச் சொல்லுங்கள் என்று கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரம் டெஸ்டரைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். உசிலம்பட்டிப் பக்கம் அவர் ஊரில், அவருடைய சொந்த அண்ணன் விரலில் புண் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், முட்டிக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தாராம். "ஏணி ஏற முடியாத எலெக்ட்ரீஷியன வச்சு நீங்க என்ன செய்வீங்க மாப்ள" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கையைப் பிடித்து எலெக்ட்ரிக் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய் அவருடைய படத்துக்கு முன்னாலேயே உட்காரவைத்தேன். எத்தனை பத்தரை மணிகளை அந்தப் படத்துக்குத் தாரை வார்த்திருக்கிறேன், ஒருநாளாவது அது எனக்கு உதவட்டும் என்று நினைத்தேன்.

"உடம்பிலயே நீளமான லைன் எதுண்ணே?"

"இடுப்புல இருந்து கால் விரலுக்குப் போறது. இதுகூடத் தெரியாதா ஒனக்கு?"

"லைன் நீளமா இருந்து வீக்காச்சுன்னா, மொதல்ல எந்த எடத்துல பல்பு மங்கும்?"

"கடைசில இருக்கிறதுதான் மங்கும்" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கண்ணை மூடச் சொன்னேன். அவர் பையிலிருந்த டெஸ்டரை உருவினேன். ஊரில் உள்ள அத்தனை பேர் காலிலும் அவர் கோடு இழுத்த அதே டெஸ்டர். அதன் பிடியால் இடது உள்ளங்காலில், காயமே இல்லாத காலில், குதிகாலிலிருந்து விரல்வரை ஒரு கோடு இழுத்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தி இன்னொன்று. மூன்றாவது முறை தோல் வெளுக்கிற அளவுக்கு அழுத்தி இழுத்தேன்.

"என்ன மாப்ள, ஆரம்பி. எம்புட்டு நேரம் கண்ண மூடிட்டு ஒக்காந்திருக்கிறது?" என்றார்.

கோடு முடிந்த இடத்திலேயே டெஸ்டரை வைத்திருந்தேன். அவர் கண்ணைத் திறந்தார். என் கையையும், தன் உள்ளங்காலில் இருந்த மூன்று கோடுகளையும் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். எலி தின்ற கணுக்கால் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்து அங்கே நின்றார்.

"வண்டிய எடுக்கச் சொல்லு, வாரேன்" என்றார்.

ஆஸ்பத்திரியிலாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது, பல வருஷமாக இருந்திருக்கும், காலிலும் விரல் நுனியிலும் உள்ள நரம்புகளை அது தின்றிருக்கிறது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இவர் இடைமறித்து, சேதி போகிற லைன் மட்டும் கெட்டிருக்கிறதா, உத்தரவு வருகிற லைனும் போச்சா என்று கேட்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று விசாரித்தார். சின்ன நைலான் இழை ஒன்றை வைத்து டாக்டர் பாதத்தில் குத்திக் குத்திப் பார்த்தபோது, தன் டெஸ்டர் இதைவிட வசதி என்று சொல்லி நீட்டினார். நான் தெரியாத ஆள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாலைந்து நாளில் புண் சீழ் பிடித்து ஆழத்துக்குப் போய்விட்டது. ஆபரேஷன் அன்றைக்கு அவர் மனைவி, எங்கள் மதினி, உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்தார். காலை எடுப்பார்களா, விரலோடு விடுவார்களா என்று உள்ளே போன டாக்டருக்கே அப்போது தெரியாது. பஷீர் பாய் ஒரு மூலையில் தொழுதுவிட்டு வந்து எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மூன்று மணி நேரமும், அவர் கையுறையை நான் வேண்டுமென்றே தாமதமாகக் கொடுத்த அந்த இரண்டு வாரம்தான் என் ஞாபகத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

ஒரு விரல் போயிற்று. கால் தப்பியது. மயக்கம் தெளிந்து அவர் பேசிய முதல் பேச்சு, "ஒரு சப்லைனக் கட் பண்ணிட்டு மெயின் லைனக் காப்பாத்திருக்காங்க மாப்ள, நல்ல வேலக்காரங்க" என்பது. திருந்துகிற ஜென்மமா?

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார், காலில் மூடின ஷூ. ஏணி ஏறுகிற வேலையை முதலாளி உதவிக்கு ஒரு ஆளைப் போட்டுப் பிரித்துவிட்டார். இவர் கீழே நின்று பேசுகிறார், அதற்கு மட்டும் உதவி தேவைப்படவில்லை. படத்தின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு பாதம் வரைந்திருக்கிறார். பார்க்க இரண்டு கத்திரிக்காய் மாதிரி இருக்கிறது. இப்போது பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. டீ நேரத்தில் அத்தனை பேரும் செருப்பைக் கழற்ற வேண்டும். அவர் கோடு இழுத்ததில் தெரியவில்லை என்று சொன்ன இரண்டு பேரை அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குத் துரத்தினார். ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது. அதைப் பற்றியும் பேருந்தில் சொல்லியிருப்பார்.

போன நரம்பு திரும்ப வராது, இனி காலுக்கு வலி தெரியாது, அதனால் தினமும் யாராவது ஒருவர் பாதத்தைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மதினி பார்த்தால் இல்லாத விரலைப் பார்த்து அழுகிறாராம். அதனால் தினமும் பத்தரை மணிக்கு என் ஸ்டோருக்கு வந்து, நான் டீ குடிக்கிற மேஜைமேல் இரண்டு காலையும் தூக்கி வைக்கிறார். பார் என்று சொல்வதுகூட இல்லை, மெயின் போர்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். நான் திட்டிக்கொண்டே விரலிடுக்கு, குதிகால், நகக்கண் எல்லாவற்றையும் பார்க்கிறேன். தலைக்கு மேலே ஃபேன் இன்னும் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. கோச்சடையில் என் வீட்டில் நாங்கள் குடும்பத்தோடு காலைப் பலகாரம் சாப்பிட உட்காரும்போது சரியாக என் போனுக்கு இரண்டு உள்ளங்கால் படம் வரும். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, புண் எதுவும் இல்லை, பேசாமல் படுங்கள் என்று பதில் போடுவேன். போன வாரம் போனில் இடமில்லை என்று வந்தது. கல்யாண வீடியோ, கொடைக்கானல் போன படம், கம்பெனி ஆயுதபூஜை எல்லாவற்றையும் அழித்தேன். அந்த ஒன்பது விரல்களை அழிக்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை.